நீலக் குஞ்சும் சம்முவின் வாயும்

நொய்யல் ஆற்றுக்குத் தெற்கே, பனியன் கம்பெனிகளின் முதுகுப்பக்கம், ஒரே ஓட்டுக்கூரைக்குக் கீழே ரயில்பெட்டி மாதிரி வீடுகள் கோத்துக்கொண்டு நிற்கிற லைன்வீட்டு வளவு ஒன்றில், ராத்திரி ஷிப்ட்டுக்காரர்கள் தூங்கிக்கொண்டும் பகல் ஷிப்ட்டுக்காரர்களின் துணிகள் கொடியில் காய்ந்துகொண்டும் இருந்த ஒரு சித்திரை மாதத்து மத்தியானத்தில், மொபெட்டின் பின்னால் மூங்கில் கூடை கட்டிய ஒருத்தன் கலர்க் கோழிக்குஞ்சு விற்க வந்தான்.

அவனுடைய குஞ்சுகள் கீச் கீச் என்று கத்தவில்லை. சாயப்பட்டறையில் மிஞ்சின சாயத்தில் முக்கியெடுத்த அந்தக் குஞ்சுகளில் ரோஸ் நிறத்தது "அப், அப்" என்று கத்தியது, பச்சை "ஆஃப், ஆஃப்" என்றது, ஆரஞ்சு "அவுட்" என்று ஒரே வெட்டாக வெட்டியது, ஊதா "ஓவர், ஓவர்" என்று இழுத்தது, நீலமோ கூடையின் ஓரத்தில் ஒண்டிக்கொண்டு தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி "ஆன்… ஆன்…" என்றது.

"ஏம்ப்பா, இதென்ன இங்கிலீஷ்ல கத்துது?" என்று கேட்டாள் முதல் வீட்டுப் பூரணி. அவள் ஓவர்லாக் மிஷினில் தைக்கிறவள், தைத்துக்கொண்டே பேசுவாள், மிஷினை நிறுத்தினால் இன்னும் கொஞ்சம் பேசுவாள்.

"அதுங்களாக்கா, முட்டை பொரிக்கிற மிஷின் இருக்கற கட்டடத்துல, மேல்மாடியில ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ் நடக்குதுங்க. கெட் அப்பு, கெட் அவுட்டுன்னு பொழுதுக்கும் எல்லாரும் ஒண்ணா சேந்து கத்துவாங்க. பெரிய வார்த்தையெல்லாம் மாடியிலயே நின்னுக்குச்சு. சின்ன வார்த்தை தரைச் சந்துல ஒழுகி முட்டைக்குள்ள போயிருச்சாட்ட இருக்குது."

"ஓகோ," என்றாள் பூரணி. "அது கெடக்கட்டும், நாளைக்குச் செத்துப் போகாதுல்ல?"

போகாது என்று அவன் குலதெய்வத்தின் மேல் சத்தியம் பண்ணினதும் வாங்கிவிட்டார்கள். ரோஸ் பூரணிக்கு, ஆரஞ்சு கட்டிங் மாஸ்டர் சென்னியப்பனுக்கு, பச்சை வீட்டுக்காரம்மா தெய்வாத்தாளுக்கு, ஊதா கடைசி அறையில் இருக்கிற ஒடிசாக்காரன் துரியோதனுக்கு. அவனுக்கு நிஜமாகவே அதுதான் பெயர், அவ்வளவு சாதுவான ஒருத்தனை அந்த வளவு அதற்கு முன்னால் பார்த்ததில்லை. கடைசியில் கூடையில் நீலம் மட்டும் மிஞ்சியது. நடுவீட்டு வாசலில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வேண்டும் என்றும் சொல்லாமல் வேண்டாம் என்றும் சொல்லாமல் ஒருத்தி நின்றாள். அவள் இடுப்பிலிருந்த பிள்ளை கையை நீட்டியது. குஞ்சுக்காரன் நீலத்தை அந்தக் கையில் வைத்துவிட்டுப் போனான்.

நின்றவள் தமயந்தி. குழாயடியில் தன் குடம் முன்னால் இருந்தாலும் "என்ற முறைங்க" என்று சொல்ல வாய் வராமல் கடைசியாகத் தண்ணீர் பிடிக்கிறவள். ஏழாம் வகுப்பில் எழுந்து நின்று இங்கிலீஷ் பாடம் வாசிக்கச் சொன்னபோது தொண்டையில் சிக்கிக்கொண்ட குரல் அவள் பள்ளிக்கூடத்தை விட்ட பிறகும் அங்கேயே குடியிருந்தது. கட்டிக்கொண்ட கனகராஜ் நல்லவன்தான், ஆனால் நிட்டிங் மிஷினில் நிரந்தர ராத்திரி ஷிப்ட். ஒரே அறை வீடு. பகலெல்லாம் அவன் தூங்க வேண்டும் என்று பாத்திரத்தைத் துணிமேல் வைத்து, தாளிக்கும்போது தட்டால் மூடி, இருமல் வந்தால் வெளியே போய் இருமி, பிறந்த பிள்ளையின் அழுகையைக்கூட முந்தானைக்குள் வாங்கிக்கொண்டு, அந்த வீட்டில் சத்தம் என்பதே இல்லாமல் பண்ணிவிட்டாள்.

பிள்ளைக்குச் சம்யுக்தா என்று வாய்நிறையப் பெயர் வைத்து, சம்மு என்று கூப்பிட்டார்கள். பிள்ளை வாயைத் திறக்கவில்லை. மூன்று வயது தாண்டியும் அம்மா என்றோ ஆடு என்றோ ஒரு வார்த்தை கிடையாது. டாக்டர் காதில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "காது சுத்தமா கேக்குது, வீட்ல நீங்க பேசுங்க, அது பேசும்" என்று சொல்லி அனுப்பினார். அன்றைக்கு பஸ்ஸில் வரும்போதே பேசிவிடலாம் என்று தமயந்தி பார்த்தாள். என்ன பேசுவது என்று யோசிப்பதற்குள் ஸ்டாப் வந்துவிட்டது.

"நீ வாயத் தொறந்தாத்தானடி அம்மிணி அவ தொறப்பா," என்று பூரணி நாள் தவறாமல் சொன்னாள். "சட்டி காலியா இருந்தா அகப்பைல என்ன வரும்?"

தமயந்தி சிரித்துவிட்டு உள்ளே போய்விடுவாள். உள்ளே போய் அந்தச் சிரிப்பைக் கழற்றி வைத்துவிட்டு, தூங்குகிற பிள்ளையின் உதட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அந்த உதட்டிலிருந்து ஒரே ஒரு தரம் "அம்மா" என்று வந்தால் போதும், வேறொன்றும் அவள் கேட்கவில்லை.

குஞ்சுகள் வந்த மறுநாளே வளவுக்குத் தெரிந்துபோயிற்று, குஞ்சு யார் காலைச் சுற்றுகிறதோ அவர் செய்கிற வேலை அந்தக் குஞ்சு கத்துகிற சொல்லின் பக்கமாகச் சாய்கிறது என்று. பூரணி வீட்டு ரோஸ் குஞ்சு அடுப்படியில் உலாத்தினால் மாவு குண்டானின் விளிம்புவரை பொங்கி நின்றது, பிள்ளைகள் எழுப்பாமலே எழுந்து உட்கார்ந்தன, கட்டுக் கட்டாகக் கிடந்த துணி ஒரு பீஸ் மிச்சமில்லாமல் தைத்து முடிந்தது. அதே குஞ்சு சோற்றுப் போசியைச் சுற்றி வந்த அன்றைக்கு, இரண்டு வேளைக்கு வடித்த சோற்றை வீட்டார் ஒரே உட்காரலில் வழித்துத் தின்று, ஒட்டியிருந்த பருக்கையையும் விடவில்லை.

"அப்புன்னா மேல ஏத்தும்னு நெனச்சேன், இதென்ன தீத்துக் கட்டுது?" என்றாள் பூரணி.

"அது அதுக்கு ஒரு மனசுங்க," என்றார் சென்னியப்பன். அவருக்கு அனுபவம் உண்டு. அவர் வீட்டு அவுட் குஞ்சு வந்த அன்றைக்கே மூட்டைப்பூச்சிகள் கட்டிலை விட்டுச் சாரைசாரையாகக் கிளம்பி வாசற்படி தாண்டிப் போயின. அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஆறு வருஷமாக அவர் மீசைக்கு மை அடிக்கிற ரகசியமும், மையைப் பெண்டாட்டியின் குங்குமச் சிமிழுக்குப் பின்னால் ஒளித்து வைக்கிற ரகசியமும் பூச்சிகளின் பின்னாலேயே வெளியே வந்துவிட்டன.

வீட்டுக்காரம்மா தெய்வாத்தாள் கரண்டு மிச்சம் பண்ணுவதற்கென்றே ஆஃப் குஞ்சை வாங்கியிருந்தாள். யார் வீட்டில் வீணாக விளக்கு எரிந்தாலும் அந்தப் பக்கம் குஞ்சை விரட்டுவாள், விளக்கு அணைந்துவிடும். ஆனால் விளக்கை அணைக்கிற அதே குஞ்சு கடிகாரத்துப் பக்கம் போனால் அலாரம் அலற ஆரம்பித்தது, பால்சொம்புப் பக்கம் போனால் பால் கெட்டுப்போயிற்று. ஒன்றைச் செய்கிற குஞ்சு இன்னொன்றை ஏன் செய்கிறது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. துரியோதன் அறையில் ஓவர் குஞ்சு புகுந்த நாளிலிருந்து பால் பொங்கி வழிந்தது, ஷிப்ட் வெரசாக முடிந்தது, ஒரு ராத்திரி தலைசாய்க்க வந்த அவன் ஊர்க்காரர்கள் தங்கியே விட்டார்கள்.

எந்த அதிசயத்துக்கும் அந்த வளவில் ஒரு வாரம்தான் மரியாதை, அப்புறம் அதற்கும் ஒரு வேலை கொடுத்துவிடுவார்கள். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு விடியலில் அப் போயிற்று. அழுகிற கைக்குழந்தையைத் தூங்கவைக்கவும் விருந்துக்கு வந்து கிளம்பாத ஒறம்பரையைக் கிளப்பவும் ஆஃப் போயிற்று. கிரிக்கெட் ஆடுகிற இடத்துக்கு அவுட் வரக் கூடாது என்று பையன்கள் கோடு போட்டுக் காவல் வைத்தார்கள். பாஷை புரியாமல் அதுவரை தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்த துரியோதனுக்கும் வளவுப் பெண்களுக்கும் நடுவே ஒரு புதுப்பேச்சு முளைத்தது. "துரியோதனா, தண்ணி?" என்றால், "அக்கா, ஓவர்," என்பான். "கரண்டு?" என்றால், "ஆஃப்." அதற்குமேல் அக்கம்பக்கத்தில் பேசிக்கொள்ள என்ன இருக்கிறது?

இரவல் வாங்குகிறவர்கள் குஞ்சைக் கூடையோடு வாங்கிப் போய்க் கூடையோடு திருப்பிக் கொடுத்தார்கள். இங்கேதான் அந்த வளவின் ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். அங்கே யாரும் எதையும் வெறுமனே திருப்பித் தரமாட்டார்கள். குழம்பு வாங்கின கிண்ணம் இரண்டு பச்சைமிளகாயாவது போட்டுக்கொண்டுதான் திரும்பும், சர்க்கரை வாங்கின டம்ளரில் ஒரு முருங்கைக்காய்த் துண்டாவது நிற்கும். வெறும் பாத்திரம் கொடுப்பது வெறும் முகம் கொடுக்கிற மாதிரி. அதனால் ஒவ்வொரு குஞ்சும் கூடைக்குள் ஒரு பிடி கம்போ நொய்யோ போட்டுக்கொண்டுதான் வீடு திரும்பியது. கலர்க் குஞ்சுகள் ஒரு வாரம் தாண்டாது என்று உலகம் சொல்லும், அந்த வளவின் குஞ்சுகள் கொழுகொழுவென்று வளர்ந்தன.

நீலத்தை மட்டும் யாரும் இரவல் கேட்டு வரவில்லை. அது காலைச் சுற்றினால் ஏறுவதுமில்லை, அணைவதுமில்லை. நடக்கிறது நடந்துகொண்டே இருந்தது, அவ்வளவுதான். தமயந்தி பிடிக்கும்போது குழாயில் தண்ணீர் நிற்காமல் வந்தது, காற்று வீசினால் வீசிக்கொண்டே இருந்தது, கனகராஜ் தூங்கினால் தூங்கிக்கொண்டே இருந்தான். நடந்துகொண்டிருப்பதை யார் கவனிக்கிறார்கள்? நின்றால்தானே கவனிப்பார்கள். "உன்ற குஞ்சு சும்மா தண்டம்," என்று பூரணி சொன்னாள், தமயந்தியும் அதை நம்பினாள்.

ஒருநாள் மத்தியானம் அவள் முறத்தில் அரிசி போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கனகராஜ் சுவர்ப்பக்கம் திரும்பிக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். சம்மு குத்தவைத்து, குஞ்சின் முகத்துக்கு நேராகத் தன் முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். குஞ்சு "ஆன்" என்றது.

சம்மு, "ஆன்," என்றாள்.

தமயந்தி முறத்தை மெல்லக் கீழே வைத்தாள், சத்தம் கேட்டால் இந்தச் சத்தம் பறந்துவிடும் என்கிற மாதிரி. குஞ்சு மறுபடி சொன்னது, பிள்ளை மறுபடி சொன்னது. சொல்லிக்கொண்டே இருந்தார்கள் இருவரும். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தமயந்தி புருஷனைப் பகலில் தட்டி எழுப்பினாள்.

"என்ன, என்ன ஆச்சு?"

"சம்மு பேசறா."

அவன் எழுந்து உட்கார்ந்து, கேட்டு, மறுபடி படுத்து, அன்றைக்கு முழுக்கத் தூங்காமல் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டே கிடந்து, செக்கச் சிவந்த கண்ணோடு ஷிப்ட்டுக்குப் போனான்.

"பெத்தவளக் கூப்பிடல, கோழியக் கூப்பிடுது. மகாராணி இங்கிலீஷ்லதான் வாயத் தொறப்பாங்களாமா," என்று பூரணி ஊர்கூட்டிச் சொன்னாலும், அவள்தான் முதல் ஆளாக வந்து சம்முவின் வாயில் கற்கண்டு போட்டாள்.

ஆனுக்குப் பின்னால் அப் வந்தது, ஆஃப் வந்தது, அவுட்டும் ஓவரும் வந்தன. ஐந்து சொல்லையும் வைத்துக்கொண்டு சம்மு அரசாட்சி பண்ணினாள். அதில் ஒரு சங்கடம் இருந்தது. வெறும் "அப்" என்றால் எதை? தூக்க வேண்டுமா, எழுப்ப வேண்டுமா, கிண்ணத்தில் இருப்பதைத் தின்று முடித்துக் காட்ட வேண்டுமா? பிள்ளை வாலை மட்டும் நீட்டும், மாட்டை அம்மாதான் கண்டுபிடித்துச் சேர்க்க வேண்டும்.

"தூக்கட்டுமா கண்ணு? இல்லையா? எழுப்பட்டுமா? அப்பனையா? வேண்டாம் சாமி, தூங்கட்டும். ஓ, இந்த ஜிப்பை ஏத்திவிடணுமா? ஏத்தறேன், ஏத்தறேன், நில்லு, நகராத, இந்தா ஏத்தியாச்சு!"

இப்படி நாள்பூராவும் ஊற்றட்டுமா, நிறுத்தட்டுமா, கழற்றட்டுமா, மாட்டட்டுமா, துரத்தட்டுமா, கூப்பிடட்டுமா என்று கேட்டுக் கேட்டு, பிறந்ததிலிருந்து பேசின பேச்சைவிட அந்தச் சித்திரை வைகாசியில் தமயந்தி அதிகம் பேசிவிட்டாள். அது அவளுக்கே தெரியாது. பேசுவது பிள்ளை என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஆனி மாதம் பிறந்தது, சாயம் போயிற்று.

முதலில் இறக்கை நுனியில் வெள்ளை எட்டிப்பார்த்தது, பிறகு கழுத்தில், பிறகு முதுகில். கடைசியில் ரோஸும் இல்லை, பச்சையும் இல்லை, வளவில் ஒரே அளவில் ஒரே வெள்ளையில் ஐந்து விடலைச் சேவல்கள் திரிந்தன. கத்தினாலாவது கண்டுபிடிக்கலாம். குஞ்சுக்குரல் போய்ச் சேவற்குரல் வராத வயசு, ஐந்தும் வாயை மூடிக்கொண்டன.

இதில் அந்தப் பழக்கம் வேறு சேர்ந்துகொண்டது. ஆஃபை இரவல் வாங்கினவர் திருப்பிக் கொடுக்கப் போகும்போது ஆஃப் வேலிப்பக்கம் மேயப் போயிருக்கும். வெறுங்கூடை கொடுப்பதா? கைக்கு அகப்பட்ட வெள்ளையைப் பிடித்து உள்ளே போட்டுக் கொடுத்துவிடுவார்கள். வாங்கினவரும் வெள்ளையைப் பார்த்துத் திருப்திப்பட்டு வைத்துக்கொள்வார். இப்படி நாலு கை மாறினதும் எந்த வீட்டில் எது இருக்கிறது என்று கடவுளுக்கும் தெரியாமல் போயிற்று. சென்னியப்பன் பெண்டாட்டியின் கோபம் அணையட்டும் என்று ஆஃப் வாங்கிப் போனார். போனது ஆன். பொழுது சாயத் தொடங்கின வசவு விளக்கு வைத்த பிறகும் நிற்கவில்லை, மீசை மையில் ஆரம்பித்துக் கல்யாணத்தில் போட்ட சாப்பாடுவரை போயிற்று. பூரணி மாவு பொங்க அப் என்று எடுத்துவந்தது அவுட், மாவு குண்டானை விட்டு இறங்கி வாசலுக்கே வந்துவிட்டது.

அப்போதுதான் யாரோ கவனித்தார்கள், சம்மு மட்டும் குழம்பவில்லை என்று. வெள்ளையாகப் போனாலும் அவள் ஒவ்வொன்றையும் பார்த்து அதனதன் பெயரைச் சொன்னாள். மறுநாளிலிருந்து நடுவீட்டு வாசலில் சேவலை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஆட்கள் வரிசையில் நின்றார்கள்.

"சம்மு, இது என்னது கண்ணு?"

"ஓவர்."

"பாத்துச் சொல்லு சாமி, போன தடவை நீ சொன்னப்ப…"

"ஓவர்!"

"சரீங்க, சரீங்க," என்று சென்னியப்பன் ஒப்புக்கொள்வார், துரியோதன் தன் ஓவரைக் கட்டிக்கொண்டு போவான்.

வளவுக்குச் சம்மு பெரிய மனுஷியாகிவிட்டாள். தமயந்திக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரு கலக்கம். சேவல்கள் வாய்மூடின நாளிலிருந்து பிள்ளையின் வாயும் சுருங்கிக்கொண்டு வந்தது. கேட்டால் ஒரு சொல், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. நீலமாக இருந்த அந்தச் சேவல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் மட்டும் கொஞ்சம் குரல் ஊறியது, "ஆன்" என்று அதன் கழுத்தைத் தடவிச் சொன்னாள். அது மேயப் போய்விட்டால் வீடு மறுபடி பழைய வீடு. பிள்ளையின் குரல் அந்தச் சேவலின் காலில்தான் கட்டியிருக்கிறது என்று தமயந்திக்கு உறுதியாகிவிட்டது. அதைத் தண்டம் என்று நினைத்ததற்கு மனசுக்குள் அதனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, தினமும் தன் சோற்றில் ஒரு கவளம் எடுத்து அதற்கு வைத்தாள்.

ஆடி நோம்பிப் பண்டிகை வந்தது. தெய்வாத்தாள் வீட்டுக்கு மகளும் புது மாப்பிள்ளையும் வந்திறங்கினார்கள். பலகாரத்தைத் தின்று முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டே மாப்பிள்ளை, "வளவுல கோழியெல்லாம் மேயுதாட்டங்களே அத்தை," என்று பொதுவாக ஒரு வார்த்தை சொன்னார். புது மாப்பிள்ளை பொதுவாகச் சொல்வது எதுவும் பொதுவாக இருக்காது என்று தெய்வாத்தாளுக்குத் தெரியாதா? வெளியே வந்து கைக்கு எட்டின வெள்ளையைப் பிடித்தாள்.

கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த தமயந்தியின் காலைச் சம்மு வந்து பிடித்து இழுத்தாள். முகம் வெளுத்திருந்தது. "ஆன்," என்றாள். "ஆன், ஆன்," என்று வீட்டுக்காரம்மாவின் பின்கட்டைக் காட்டினாள்.

தமயந்தி அந்தப் பக்கம் வாடகை கொடுக்கிற நாளில் தவிரப் போனதில்லை, அன்றைக்கும் கனகராஜ்தான் கொடுப்பான், அவள் பின்னால் நிற்பாள். இப்போது பிள்ளை இழுக்க இழுக்கப் போனாள். பின்கட்டில் சேவல் தெய்வாத்தாளின் இடது கையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. வலது கையில் கத்தி. அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

"என்ன அம்மிணி?" என்றாள் தெய்வாத்தாள்.

தமயந்தி வாயைத் திறந்தாள். ஏழாம் வகுப்பில் சிக்கின அதே இடத்தில் அதே குரல் சிக்கியது.

"வெள்ளையா இருக்கறதெல்லாம் ஒண்ணுதான், என்ற வளவுல மேஞ்சா என்ற கோழிதான். எதாவது வேணுங்களா? சொன்னாத்தான தெரியும்."

தமயந்தி ஒரு அடி முன்னால் வைத்தாள். அதற்குள் சேவல் இறக்கை அடிக்கிற சத்தம் கேட்டுப் பூரணி வந்துவிட்டாள், சென்னியப்பன் வந்துவிட்டார், துரியோதன் வாளியோடு வந்து நின்றான், மாப்பிள்ளை எட்டிப்பார்த்தார். இத்தனை பேர் பார்க்கிறார்கள் என்றதும், வாய்வரை வந்ததுகூட உள்ளே இறங்கிவிட்டது. தெய்வாத்தாள் திரும்பிக்கொண்டு சேவலின் கழுத்தைக் கட்டையின் மேல் வைத்தாள்.

சம்மு அம்மாவின் முந்தானையைப் பிடித்து உலுக்கினாள்.

"அம்மா, விடச் சொல்லு."

தெளிவாக, முழுசாக, தமிழில், ரொம்ப நாளாகப் பேசுகிறவர்கள் பேசுகிற மாதிரி. எத்தனை ராத்திரி காத்துக்கிடந்த "அம்மா" அது. அதை அங்கேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்து அழத்தான் தமயந்தி ஆசைப்பட்டிருப்பாள். ஆனால் அந்த அம்மாவுக்குப் பின்னாலேயே ஒரு வேலையும் வந்திருந்தது, கத்தி கழுத்தில் இருந்தது.

"விடுங்க!"

நடுவீட்டில் கனகராஜ் தூக்கத்திலிருந்து எழுந்து உட்கார்ந்துவிட்டான். துரியோதனின் வாளி கீழே விழுந்தது. தெய்வாத்தாளின் இரண்டு கையும் தானாகத் திறந்துகொண்டன, கத்தி ஒரு பக்கம், சேவல் ஒரு பக்கம்.

"விடுங்க, அது எங்களது, அதை விட்டுடுங்க, வேணும்னா நான் கடையில போயிக் கறி வாங்கிட்டு வந்து நானே கொழம்பு வெச்சுத் தாரேன், மாப்பிள்ளைக்கு எங்க ஊட்டுலயே எல போடறேன், ஆனா அதைத் தொடாதீங்க!" என்று தமயந்தி ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, சொன்னது யார் என்று பார்க்கிற மாதிரி தானே ஒருதரம் திரும்பிப் பார்த்தாள்.

"பரவால்லீங்க அத்தை, எனக்கு ரசம் போதுங்க," என்றார் மாப்பிள்ளை அவசரமாக.

"அடி ஆத்தா," என்று தெய்வாத்தாள் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள், "மூணு வருஷமா இத்தன சத்தத்தையும் எங்கடி அம்மிணி வெச்சிருந்த?"

பூரணி வாயே திறக்கவில்லை. வளவில் அப்படி நடந்தது அது ஒருதரம்தான்.

பொழுது சாய்ந்ததும் தெய்வாத்தாள் ஆன் சேவலைக் கூடையில் போட்டு நடுவீட்டுக்குக் கொண்டுவந்தாள். சொல்லாமல் எடுத்ததை வெறுமனே திருப்பிக் கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. தன் வீட்டிலிருந்த வெள்ளையையும் கூடவே வைத்திருந்தாள். சம்மு குனிந்து பார்த்து, "இது ஆஃப், வீட்டுக்காரம்மாவோடது, இது எனக்கா, இதுக்கு எங்க படுக்க எடம், இதுக்கும் சோறு போடணுமா, அம்மா இது ஏன் ஒத்தக் கால்ல நிக்குது," என்றாள்.

அன்றைக்கு ஆரம்பித்தவள்தான்.

மறுநாள் விடியலில் ஐந்து சேவல்களும் குரல் வந்து கூவின. ஊர் உலகத்துச் சேவல் மாதிரி வெறும் கொக்கரக்கோதான் கூவின, அந்தச் சின்ன வார்த்தைகளை அவற்றின் வாயில் பிறகு யாரும் கேட்கவில்லை. வளவு அதற்கும் பழகிக்கொண்டது. பழக முடியாதது சம்முவின் வாய் மட்டும்தான். ஆன் சேவல் அவள் காலடியை விட்டு நகரவில்லை, அவளும் பேச்சை விட்டு நகரவில்லை. எறும்பு எங்கே தூங்கும், சென்னியப்பன் மாமா மீசை ஏன் நேற்றுக் கறுப்பு இன்றைக்குச் சாம்பல், துரியோதன் மாமா ஊரில் நிலா உண்டா, பூரணி அத்தை மிஷின் ஏன் அழுகிறது, அழுதால் யார் தூக்குவார்கள். ராத்திரி ஷிப்ட்டுக்காரர்கள் பகலில் காதில் பஞ்சு வைத்துப் படுத்தார்கள். கனகராஜ் மட்டும் பஞ்சு வைக்கவில்லை, கேட்டுக்கொண்டே தூங்கக் கற்றுக்கொண்டான்.

ஆடி முடிவதற்குள் ஒரு சாயங்காலம் பூரணி வந்தாள். பின்னால் சென்னியப்பனும் துரியோதனும் நின்றார்கள். பூரணியின் கையில் கூடை இருந்தது, கூடைக்குள் முன்கூட்டியே ஒரு பிடி கம்பு.

"அம்மிணி," என்றாள் பூரணி குரலைத் தணித்து, "அந்த ஆஃபைக் கொஞ்சம் குடு. ஒரே ஒரு மத்தியானம் சம்மு பக்கத்துல விட்டு எடுத்துக்கறோம். உனக்குப் புண்ணியமாப் போகும்."

"அக்கா, ப்ளீஸ், ஆஃப்," என்றான் துரியோதன் கையைக் கூப்பி.

தமயந்தி மூவரையும் பார்த்தாள். கதவுக்குப் பின்னால் போகவில்லை. வளவு முழுக்கக் கேட்கிற மாதிரி, "எங்க ஊட்டுல ஆஃபெல்லாம் இல்லீங்க்கா," என்றாள்.

"பொய்யி!" என்றாள் சம்மு. "அங்க இருக்குதே, அண்டாவுக்குப் பின்னால, கூடைக்கு அடியில, அம்மாதான் கவுத்து வெச்சுது, மேல கல்லு வெச்சுது, யாரு கேட்டாலும் சொல்லாதன்னு சொல்லுச்சு, நான் சொல்லவே மாட்டேன் அத்தை, நான் யாருகிட்டயும்…"

பூரணி சிரிக்கத் தொடங்கினாள், சென்னியப்பன் மீசைக்குள் சிரித்தார், பாஷை புரியாத துரியோதனும் சேர்ந்து சிரித்தான். தமயந்தியும் சிரித்தாள், ஆனால் சிரித்துக்கொண்டே போய்க் கவிழ்த்த கூடைக்கு முன்னால் காலை நீட்டி நன்றாக உட்கார்ந்துகொண்டாள். சம்மு ஓடிவந்து மடியில் ஏறி, விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டாள்.

"பேசட்டும், விடுங்க," என்றாள் தமயந்தி.